சிடுமூஞ்சிப் பயண எழுத்தாளர்களை ஏன் நம்புகிறோம்?

ஒகேனக்கல்லைப் பற்றி இணையத்தில் தேடினால் முதலில் வந்து விழுவது 'இந்தியாவின் நயாகரா' என்ற பட்டம். நயாகராவின் பெரிய அருவி 57 மீட்டர் உயரம். ஒகேனக்கல்லில் தண்ணீர் விழும் உயரம் சுமார் 20 மீட்டர். இதனால் ஒகேனக்கல்லுக்கு ஒரு குறையும் இல்லை. காவிரி அங்கே பாறை இடுக்குகளில் கிளை கிளையாகப் பிரிந்து விழுந்து மறுபடி கூடுகிற அழகே தனி. ஆனால் பட்டத்தை நம்பி மே மாத வெயிலில் பென்னாகரம் தாண்டி மலை இறங்கும் குடும்பத்துக்குக் கிடைப்பது சுடுகிற பாறையும் அதன் நடுவே நாலைந்து வெள்ளைக் கோடுகளும்தான்.

"கோடையில் போனால் பாறை பார்க்கலாம். ஆடியில் வெள்ளம் வந்தால் தண்ணீர் பார்க்கலாம், பரிசல் ஏற முடியாது. தண்ணீரும் பரிசலும் சேர்ந்து கிடைக்கும் வாரங்கள் கொஞ்சம்தான். அந்த வாரங்களில் பாதி பெங்களூரும் அங்கே இருக்கும்." இப்படி ஒருவர் சலித்துக்கொண்டு எழுதியிருந்தால், படிக்கும்போது லேசாக எரிச்சல் வரும். ஆனால் கிளம்புவதற்கு முன் நாம் இரண்டாம் முறை எடுத்துப் படிப்பது அவர் எழுதியதைத்தான். ஏன் அப்படி, இவர்களை எப்படிப் படிப்பது, நாமே எழுத உட்கார்ந்தால் எதில் சறுக்குவோம் என்பவற்றைத் தொடக்கத்திலிருந்து பார்க்கலாம்.

சிடுசிடுப்பும் நேர்மையும் ஒன்றல்ல

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். சிடுசிடுப்பு சுபாவம். நேர்மை பழக்கம். ஒன்று இருந்தால் இன்னொன்றும் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது. இனிமையாகப் பேசியே உள்ளதை உள்ளபடி சொல்லும் பயண எழுத்தாளர்கள் உண்டு, தமிழில் ஏ.கே. செட்டியார் அந்த வகை. எதைக் கண்டாலும் திட்டி, திட்டுவதற்காகவே இல்லாததையும் சேர்த்துக்கொள்பவர்களும் உண்டு. இங்கே நாம் பேசுவது இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கும் வகையை: சுலபத்தில் திருப்தி அடையமாட்டார், அதே சமயம் பார்த்ததைக் கூட்டியோ குறைத்தோ சொல்லமாட்டார்.

இந்த வகை ஒகேனக்கல் இருக்கும் தருமபுரிக்குப் புதிதல்ல. தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அங்கே அதியமான் நெடுமான் அஞ்சியின் வாசலில் பரிசிலுக்குக் காத்திருந்து பொறுமை இழந்த ஔவையார், வாயிற்காவலனைப் பிடித்துப் பொரிந்து தள்ளியது புறநானூற்றின் 206-ஆம் பாட்டு. உன் அரசனுக்குத் தன்னைத் தெரியவில்லையா, என்னைத் தெரியவில்லையா என்று கேட்கிறார். மூட்டை கட்டியாயிற்று, கிளம்புகிறேன் என்கிறார். கோடரியோடு காட்டுக்குள் போகும் தச்சன் பிள்ளைகளுக்கு மரத்துக்குப் பஞ்சமா என்று கேட்டுவிட்டு, 'எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே' என்று முடிக்கிறார். அதே ஔவையார்தான் 101-ஆம் பாட்டில், ஒருநாள் போனாலும் இருநாள் போனாலும், பலநாள் பலரைக் கூட்டிக்கொண்டு போனாலும் முதல் நாள் காட்டிய அதே பிரியத்தைக் காட்டுகிறவன் என்று அதே அதியமானைப் பாடுகிறார். 206 இல்லாமல் 101 மட்டும் நமக்குக் கிடைத்திருந்தால், அரசனை அண்டிப் பிழைத்தவர்களின் வழக்கமான புகழ்ச்சி என்று பக்கத்தைப் புரட்டியிருப்போம். வாசலில் நின்று சண்டை போட்டவர் புகழ்கிறார் என்பதால்தான் நின்று கேட்கிறோம்.

இதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. குறை சொல்லத் தயங்காதவரின் பாராட்டுக்கு விலை உண்டு. இருபது இடங்களைப் பற்றி எழுதி இருபதையும் 'வாழ்நாளில் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்' என்பவர், எதைப் பார்ப்பது என்ற நம் கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. இருபதில் பதினேழைக் கழித்துக்கட்டி மூன்றை மட்டும் போகச் சொல்பவர் நமக்கு ஒரு நாள் விடுமுறையை மிச்சப்படுத்துகிறார். அந்த மூன்றில் ஒன்றில் நமக்கு ஒத்துப்போகாமல் இருக்கலாம். அப்போதும் அவர் எதை வைத்துப் பிரித்தார் என்பது தெரிந்திருக்கும்.

எச்சரிக்கையும் உபசாரம்தான்

ஊத்தங்கரையைத் தாண்டிப் போனால் வரும் செங்கம் பக்கத்தை ஆண்டவன் நன்னன். அவனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தருக்கு வழி சொல்வது மலைபடுகடாம், 583 அடி. ஆற்றுப்படை என்றால் வள்ளலைப் புகழ்ந்து ஆளனுப்பும் பாட்டு என்றுதான் பள்ளியில் படித்திருப்போம். வழியைப் பற்றி அந்தப் பாட்டு சொல்வதை நிதானமாகப் படித்தால் வேறு ஒன்று தெரியும். தினைப்புனத்தில் பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், இருட்டில் போகாதீர்கள், விடிந்தபின் போங்கள். குழிகளில் பாம்பு இருக்கும். புனம் காப்பவர்கள் யானையை விரட்டக் கவணால் எறியும் கல் உங்கள் மேல் விழலாம், மரத்தின் மறைவில் ஒதுங்கிப் போங்கள். வழுக்கும் இடத்தில் கொடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வழியில் கிடைக்கும் சோற்றையும் கறியையும் சொல்கிறபோதும் இதே விவரம், இதே கறார்.

போகாதே என்பதற்காகச் சொன்ன எச்சரிக்கைகள் அல்ல இவை. பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகச் சொன்னவை. நல்ல சிடுமூஞ்சி எழுத்தாளரின் குறைகளும் அப்படித்தான் வேலை செய்யும். எந்த மணிக்கு, எந்த இடத்தில், என்ன கோளாறு வரும், அதற்கு என்ன செய்யலாம் என்ற நான்கும் அதில் இருக்கும். 'வழி மோசம்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது புலம்பல்.

குறை சொல்பவர் எல்லாம் அறிவாளியா?

இல்லை, ஆனால் அப்படித் தெரிவார். அமெரிக்க உளவியலாளர் தெரேசா அமபிலே 1983-இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்தார். புத்தக மதிப்புரைகளைச் சிலரிடம் படிக்கக் கொடுத்தார். பாராட்டி எழுதியவரை விடத் திட்டி எழுதியவரே புத்திசாலி, விஷயம் தெரிந்தவர் என்று படித்தவர்கள் மதிப்பிட்டார்கள். அன்பானவர் என்று மட்டும் மதிப்பிடவில்லை. பயண எழுத்துக்கும் இது பொருந்தும். முகம் சுளித்து எழுதினாலே பாதி மரியாதை இலவசமாக வந்துவிடுகிறது. அதனால்தான் இந்த வகையில் போலிகள் அதிகம். வாசகர் கவனமாக இருக்க வேண்டியதும் இங்கேதான்.

போலியைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி, அவர் சொல்லும் குறையில் நாம் போய்ச் சரிபார்க்கக்கூடிய ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது. 'சாப்பாடு சகிக்கவில்லை' என்பதைச் சரிபார்க்க வழியில்லை. 'மதியம் இரண்டரைக்கு மேல் போனால் காலையில் பொரித்த மீனையே மறுபடி எண்ணெயில் போட்டுத் தருகிறார்கள்' என்பதைச் சரிபார்க்கலாம். நாம் பன்னிரண்டு மணிக்கே போய்த் தப்பிக்கவும் செய்யலாம்.

ஸ்மாலெட் என்ற முன்னோடி

ஐரோப்பாவில் இந்த வகைக்குத் தாத்தா டோபியாஸ் ஸ்மாலெட். ஸ்காட்லாந்துக்காரர், மருத்துவம் படித்தவர், நாவலாசிரியர். ஒரே மகளைப் பறிகொடுத்த துக்கத்தோடும் நுரையீரல் தொல்லையோடும் 1763-இல் புறப்பட்டு, பிரான்ஸிலும் இத்தாலியிலும் இரண்டு வருடம் சுற்றி, 1766-இல் அதைப் புத்தகமாக்கினார். சத்திரம் அழுக்கு, சத்திரக்காரன் திருடன், வண்டிக்காரன் முரடன் என்று பக்கத்துக்குப் பக்கம் புகார். ரோம் நகரின் பாந்தியன் கோயிலையே, கூரை திறந்த பெரிய சேவல் சண்டைக் களம்போல இருக்கிறது என்று எழுதினார்.

இரண்டு வருடம் கழித்து லாரன்ஸ் ஸ்டெர்ன் என்ற நாவலாசிரியர் தன் பயணக் கதையில் இவரை 'ஸ்மெல்ஃபங்கஸ்' என்று பெயர் மாற்றிக் கிண்டல் செய்தார். இந்த ஆள் எரிச்சலும் மஞ்சள் காமாலையும் பிடித்துப் புறப்பட்டவர், பார்த்ததெல்லாம் அந்த நிறத்தில் தெரிந்தது என்பது கிண்டலின் சாரம். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று நாம் சொல்வதேதான். உலகத்துக்கே இதைச் சொல்லப்போகிறேன் என்று ஸ்மெல்ஃபங்கஸ் குமுற, உங்கள் வைத்தியரிடம் சொல்வது நல்லது என்று பதில் வருகிறது.

கிண்டல் நியாயமானதே. ஆனால் ஸ்மாலெட்டின் புத்தகத்தில் இன்னொன்றும் இருக்கிறது. நீஸ் நகரில் தங்கியிருந்த காலம் முழுவதும் அன்றாட வானிலையை அட்டவணையாகக் குறித்து வைத்து, புத்தகத்தோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார். குளிர்காலத்தில் அங்கே எத்தனை நாள் வெயில், எத்தனை நாள் மழை என்று இங்கிலாந்து நோயாளி தானே படித்துத் தெரிந்துகொள்ளலாம். நீஸ் மக்களை அவ்வளவு திட்டியவர் பெயரில் அந்த ஊரில் இன்று ஒரு தெரு இருக்கிறது. ஊர் வெயிலைப் பற்றி அந்தச் சிடுமூஞ்சி நல்ல வார்த்தை சொன்னதை இங்கிலாந்துக்காரர்கள் நம்பினார்கள்.

எரிச்சலைக் கழித்துப் படிப்பது

ஒரு கடைத் தராசு எப்போதும் ஐம்பது கிராம் குறைத்தே காட்டுகிறது என்று தெரிந்துவிட்டால், அதை வைத்தும் சரியாக வியாபாரம் செய்யலாம். தொந்தரவு தருவது ஒருநாள் கூட்டியும் ஒருநாள் குறைத்தும் காட்டும் தராசு. நிலையான எரிச்சல் உள்ள எழுத்தாளரைப் படிப்பதும் இப்படித்தான்: அவருடைய குறைபாடு எவ்வளவு என்று ஒருமுறை கணக்குப் போட்டுவிட்டால், பிறகு கழித்துக்கொண்டே போகலாம்.

கணக்குப் போடும் முறை எளிது. நீங்கள் நன்றாக அறிந்த ஓர் ஊரைப் பற்றி அவர் எழுதியதை முதலில் படியுங்கள். கிருஷ்ணகிரிக்காரர் என்றால் கிருஷ்ணகிரி அணையைப் பற்றியோ சையத் பாஷா மலையில் உள்ள கோட்டையைப் பற்றியோ எழுதியதை. மூன்று விஷயம் பாருங்கள். உண்மைத் தகவலில் தவறு உண்டா? எந்த வகைக் குறை அவரை அதிகம் உறுத்துகிறது, கூட்டமா, சத்தமா, அழுக்கா, பணமா? நீங்கள் ரசிக்கும் எதை அவர் கவனிக்கவே இல்லை? தகவலில் தவறு இருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். தகவல் சரி, கூட்டம் மட்டும் அவருக்கு ஆகாது என்றால், ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரையைப் பற்றி அவர் எழுதும் புலம்பலில் பாதியைக் கழித்துவிடலாம். உங்களுக்குக் கூட்டம் பிடிக்கும் என்றால் முழுவதையும் கழித்துவிட்டு, பஸ் எத்தனை மணிக்கு நின்றுபோகிறது என்ற ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஊர்க்காரரா வெளியூர்க்காரரா என்பதையும் பார்க்க வேண்டும். நம் ஊரை நம்மவர் திட்டினால் அக்கறை, வெளியூர்க்காரர் திட்டினால் திமிர் என்று எடுத்துக்கொள்வது மனித இயல்பு. தகவலை எடைபோடும்போது இந்த இயல்பு உதவாது. ஊர்க்காரருக்குப் பழகிப்போய்க் கண்ணில் படாதது வெளியூர்க்காரருக்கு உறுத்தும். ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் ஷட்டரைத் திறக்கும்போது தென்பெண்ணையில் வெள்ளை வெளேரென்று நுரை பொங்கி வரும். பெங்களூர் பக்கத்துக் கழிவுகளைச் சுமந்து வரும் நீர் அது. தூரத்திலிருந்து எடுத்த படத்தில் பனிக்கட்டிபோல அழகாகக்கூட இருக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு எழுதும் ஒருவர்தான் அந்தப் படத்தில் இல்லாததைச் சொல்ல முடியும்.

ஒகேனக்கல்லை ஒரு சிடுமூஞ்சி எப்படி எழுதுவார்

இங்கே சற்று நின்று ஓர் உதாரணத்தைப் பிரித்துப் பார்க்கலாம். முதலில் இணையத்தில் சாதாரணமாகக் காணும் திட்டு:

"ஒகேனக்கல் வேஸ்ட். கூட்டம், குப்பை, கொள்ளை. யாரும் போகாதீங்க."

கோபம் உண்மையாக இருக்கலாம். ஆனால் இதை வைத்துக்கொண்டு படிப்பவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அதே எரிச்சலை வைத்துக்கொண்டு, விவரத்தோடு எழுதினால் இப்படி இருக்கும்:

"தருமபுரியிலிருந்து 45 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கிளம்புவதற்கு முன் அன்றைய நீர்வரத்தைப் பார்க்காமல் கிளம்புகிறவர்கள் திரும்பி வந்து ஊரைத் திட்டக்கூடாது. ஞாயிறு பதினொரு மணிக்குப் பரிசல் துறைக்குப் போனால் வரிசையில் நிற்பதே வேலை. எட்டு மணிக்குள் போங்கள், பாறையும் சுடாது. கட்டணப் பலகையைப் படித்துவிட்டுக் கவுண்டரில் சீட்டு வாங்குங்கள். பலகையில் இல்லாத தொகையை ஆற்றின் நடுவே கேட்டால் கரையில் வந்து பேசிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். லைஃப் ஜாக்கெட்டின் வார் அறுந்திருந்தால் வேறு கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். இவ்வளவுக்கும் பிறகு, இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே பரிசல் நுழைந்து, சாரல் முகத்தில் அடிக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்காக மறுபடி வரலாம்."

கடைசி வாக்கியம் வேலை செய்வது அதற்கு முன் வந்த வாக்கியங்களால். அதை மட்டும் தனியே எடுத்து விளம்பரத்தில் போட்டால் உப்பில்லாமல் இருக்கும்.

நீர்வரத்து என்று சொன்னதை விளக்க வேண்டும், ஏனென்றால் ஒகேனக்கல் பயணங்கள் கெட்டுப்போவதற்கு முதல் காரணம் இதைக் கவனிக்காததுதான். கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளிலிருந்து விடும் தண்ணீரும் வழியில் பெய்த மழையும் சேர்ந்து தமிழக எல்லைக்கு வரும் அளவைப் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கிறது. விநாடிக்கு இத்தனை கன அடி என்று செய்தித்தாளில் வருவது அந்த அளவுதான். ஒரு கன அடி ஏறக்குறைய 28 லிட்டர். வரத்து சில நூறு கன அடிக்குக் குறைந்துவிட்டால் அருவி என்ற பெயருக்குத்தான் தண்ணீர். பல ஆயிரங்களைத் தாண்டி ஏறத் தொடங்கினால் மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கவும் அருவியில் குளிக்கவும் தடை போட்டுவிடும். அணை திறந்த செய்திக்கும் தண்ணீர் இங்கே வந்து சேர்வதற்கும் இடையில் நேரம் இருக்கிறது. முந்தைய நாள் மாலைச் செய்தியைப் பார்த்துவிட்டு விடியற்காலை மறுபடி ஒருமுறை பார்ப்பது நல்லது. இந்தப் பத்தியில் இருப்பவை எந்த விளம்பரப் படத்திலும் வராது. எரிச்சலோடு திரும்பி வந்த யாரோ ஒருவர்தான் முதன்முதலில் எழுதியிருப்பார்.

மீன் விஷயம் சுருக்கமாக: மீனை நீங்களே பார்த்து வாங்கி, அங்கே சமைத்துக் கொடுக்கும் பெண்களிடம் கொடுத்தால் குழம்பும் வறுவலுமாகக் கிடைக்கும். மீன் விலை வேறு, சமையல் கூலி வேறு. எண்ணெயும் மசாலாவும் கூலியில் சேர்த்தியா என்று முதலிலேயே கேட்டுவிட்டால் சாப்பிட்டு முடித்தபின் சண்டை வராது.

எங்கே கெட்டுப்போகிறது

சிடுசிடுப்பு எழுத்து கெடும் இடங்களில் முதன்மையானது, ஓர் அனுபவத்திலிருந்து ஒரு மக்கள் கூட்டத்துக்குத் தாவுவது. ஒரு பரிசல்காரர் கூடுதலாகக் கேட்டார் என்பது தகவல். 'இந்த ஊர்க்காரர்களே இப்படித்தான்' என்பது தகவல் அல்ல. இந்திய வம்சாவளி எழுத்தாளர் வி.எஸ். நைபால் 1962-இல் முதன்முதலாக இந்தியா வந்து, 1964-இல் வெளியிட்ட பயண நூல் இங்கே பெரும் கோபத்தைக் கிளப்பியது, தடையும் செய்யப்பட்டது. அழுக்கையும் அலட்சியத்தையும் அவர் பார்த்த கூர்மையை மறுக்க முடியாது. ஆனால் பார்த்ததிலிருந்து ஒரு நாகரிகத்தின் மேலேயே தீர்ப்பு எழுதப் போனார். கவிஞர் நிசிம் எசக்கியல் எழுதிய மறுப்பு புகழ்பெற்றது. நைபால் குறை சொன்னது எசக்கியலுக்குப் பிரச்சினை இல்லை. அந்தக் குறை அவருடைய சொந்த எரிச்சலாக மாறிப் பார்வையை மறைத்ததுதான் பிரச்சினை. நைபால் மறுபடி மறுபடி வந்தார். 1990-இல் வெளியான இந்திய நூலில் தீர்ப்பைக் குறைத்துக்கொண்டு, சந்தித்தவர்களை நீளமாகப் பேசவிட்டிருக்கிறார். இந்தியாவைப் பற்றி அவர் எழுதிய மூன்று நூல்களில் முதலில் படிக்க அதுவே ஏற்றது என்பது எங்கள் கருத்து.

அடுத்தது, உடம்பை ஊர் என்று எண்ணிக்கொள்வது. இரவெல்லாம் பஸ்ஸில் தூங்காமல் வந்து, காலைச் சாப்பாடும் இல்லாமல் கிருஷ்ணகிரிக் கோட்டைக்குப் பதினொரு மணி வெயிலில் ஏறினால் எந்தக் கோட்டையும் பிடிக்காது. பாறைக்குன்று, நிழல் கிடையாது, மேலே தண்ணீர் கிடைக்காது என்பது கோட்டையைப் பற்றிய தகவல். பசியும் தூக்கமும் உங்களைப் பற்றிய தகவல். குறிப்பேட்டில் இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதிவைத்தால் கலக்காது.

இளைத்தவன் மேல் கோபத்தைக் கொட்டுவது இன்னொன்று. எண்ணெய் தேய்ப்பவர், மீன் வறுப்பவர், வாகனம் நிறுத்த வழி காட்டும் பையன் இவர்கள்தான் கண்ணுக்கு எதிரே இருக்கிறார்கள், ஆகவே இவர்கள் மேலேயே திட்டு விழுகிறது. கழிப்பறை ஏன் பூட்டியிருக்கிறது, உடை மாற்றும் அறைக்கு ஏன் கதவில்லை, கட்டணப் பலகை ஏன் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது என்ற கேள்விகளுக்கு அவர்கள் பொறுப்பல்ல. யாரால் சரிசெய்ய முடியுமோ அவரை நோக்கிக் குறையைத் திருப்பும் எழுத்தாளருக்குக் கூர்மை கூடுகிறது, கசப்பு குறைகிறது.

கடைசியாக, வேடம். திட்டி எழுதிய ஒன்று பரவலாகப் பகிரப்பட்டதும், அடுத்த பயணத்துக்கு முன்பே திட்டுக்குத் தலைப்பு தயாராகிவிடும். ஓசூர் பக்கத்துத் தளியை 'குட்டி இங்கிலாந்து' என்று ஆங்கிலேயர் காலத்திலிருந்து சொல்லிவருகிறார்கள். அந்தப் பட்டத்தைக் கிழித்துப்போடுவது மிகச் சுலபம், ஒரு மே மாத மதியம் போதும். ஆனால் பட்டத்தைக் கிழிப்பதற்காகவே போகிறவர், அந்த மேட்டு நிலத்தின் டிசம்பர் காலையை ஏன் பார்க்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

எழுத நினைப்பவர்களுக்கு

தொடக்கத்தில் ஒரே ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் வீட்டுக்குப் பக்கத்தில். இரண்டு முறை போங்கள்: ஒரு வேலைநாள் காலை, ஒரு ஞாயிறு மதியம். இடத்தின் குறை எது, அந்த நேரத்தின் குறை எது என்று பிரிவது இரண்டாம் முறைதான். போகும்போதே குறியுங்கள், திரும்பி வந்து எழுதினால் எரிச்சல் மட்டும் நினைவிருக்கும், மணி நினைவிருக்காது. எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தீர்கள், எவ்வளவு நேரம் நின்றீர்கள், பலகையில் போட்ட தொகை எவ்வளவு, கையிலிருந்து போன தொகை எவ்வளவு, அதற்குச் சீட்டு கிடைத்ததா. இந்த ஐந்தும் இருந்தாலே கட்டுரையில் பாதி முடிந்தது.

எழுதி முடித்ததும் ஒரு நாள் ஆறப்போடுங்கள். மறுநாள் படிக்கும்போது ஒவ்வொரு குறைக்குப் பக்கத்திலும், இதைப் படித்துவிட்டுப் போகிறவர் என்ன மாற்றிச் செய்வார் என்று எழுதிப் பாருங்கள். பதில் வராத குறையை வெட்டிவிடலாம். பிடித்த விஷயத்தையும் அதே கறாரோடு எழுதுங்கள். 'மாம்பழம் அருமை' என்று கிருஷ்ணகிரியைப் பற்றி எழுதினால் சிரிப்பார்கள். இந்தப் பக்கத்தில் ஏராளமாக விளையும் பெங்களூரா, அதாவது கிளிமூக்கு மாங்காய், பெரும்பாலும் மாங்கூழ் ஆலைகளுக்குப் போகிறது. சாலையோரத்தில் அதைக் காட்டினால் அல்போன்சாவின் இனிப்பை எதிர்பார்க்காதீர்கள். உப்பு, மிளகாய்த்தூள் போட்டுக் காயாகச் சாப்பிட அதை விட்டால் ஆளில்லை. பாராட்டு என்றால் இந்த அளவுக்காவது இருக்க வேண்டும்.

பணம் பற்றி ஒளிவுமறைவு கூடாது. இலவசமாகத் தங்கினீர்கள், யாரோ கார் அனுப்பினார்கள், தள்ளுபடி கொடுத்தார்கள் என்றால் கட்டுரையின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல் சமூக ஊடகப் பிரபலங்களுக்கு இதைத்தான் சொல்கிறது: பணம் மட்டுமல்ல, இலவசப் பயணமும் ஓட்டல் தங்கலும் பரிசும்கூடப் பார்ப்பவருக்குத் தெரியும்படி சொல்லப்பட வேண்டும். தகடூரில் இதற்கும் ஒரு முன்னோடி உண்டு. நேரில் பார்க்காமலே பரிசு கொடுத்தனுப்பிய அதியமானிடம், 'காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்' என்று பெருஞ்சித்திரனார் மறுத்துவிட்டார். புறநானூறு 208. இன்று ஓட்டல் அனுப்பும் இலவச அழைப்புக்கு இவ்வளவு அழகாகப் பதில் எழுத யாராலும் முடியாது. குறைந்தபட்சம் வாங்கியதைச் சொல்லலாம்.

தேதி போடாத பயணக் குறை ஆறு மாதத்தில் பொய்யாகிவிடும். பூட்டியிருந்த கழிப்பறையைத் திறந்திருப்பார்கள், கட்டணம் ஏறியிருக்கும், தொங்கு பாலத்தைப் பழுதுபார்க்க மூடியிருப்பார்கள். தலைப்புக்குக் கீழே, நீங்கள் அங்கே போய்வந்த மாதத்தையும் வருடத்தையும் போடுங்கள். யாராவது 'இப்போது சரிசெய்துவிட்டார்கள்' என்று தெரிவித்தால் பழைய வரியை அழிக்க வேண்டாம். அதன் பக்கத்திலேயே புதிய தேதியோடு ஒரு வரி சேர்த்தால் போதும். முடிந்தால் இன்னொரு முறை போய்ப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை வேலைநாளில்.